சான்று கேட்ட தூதர்

1962 மார்ச்சில் ஜெனீவா நகரில் கூடிய படைக்கலக் குறைப்பு மாநாடு பதினெட்டு நாடுகளின் பெயரைத் தாங்கியது. பிரான்சு தன் இருக்கையில் வந்து அமரவே இல்லை. எஞ்சியோருள் மேலை அணியினர் நால்வர். கீழை அணியினர் ஐவர். எவ்வணியையும் சாராதார் எண்மர். அமெரிக்காவும் சோவியத்து ஒன்றியமும் கூட்டாகத் தலைமை வகித்தன. வழக்காடுவோரே நடுவராகவும் அமர்ந்த அம்மன்றத்தில், அணிசேரா நாடுகளுக்குச் சொல்வன்மையன்றி வேறு வலிமை இல்லை. சுவீடனின் தூதுக்குழுவை அங்கே 1973 வரை நடத்திய ஆல்வா மிர்டால் அம்மையார், சொல்வன்மையை மட்டும் நம்பினாரல்லர். அளந்து காட்டத்தக்க சான்றை நம்பினார். சிறுநாட்டின் அரசியலுக்கு அதனினும் தக்க படைக்கலம் வேறில்லை என்பது நம் கருத்து.

அந்நாளைய பெரும்பூசல் அணுவெடிப்புச் சோதனைத் தடையைப் பற்றியது. வானில் நிகழும் வெடிப்பை மறைத்தல் அரிது. நிலத்தடியில் நிகழ்வதை நிலநடுக்கத்தினின்று பிரித்தறிவது எங்ஙனம்? ஆண்டுக்கு ஏழு முறையேனும் நேரில் வந்து ஆராய்தல் வேண்டும் என்றது வாஷிங்டன். மூன்றுக்கு மேல் இசையோம் என்றது மாஸ்கோ. அந்த இழுபறியில் முழுத்தடை மாண்டது. 1963இல் பிறந்த உடன்படிக்கை நிலத்தடிச் சோதனையை விட்டுவைத்தது. வல்லரசுகள் இரண்டும் நிலத்துக்குக் கீழே முன்னினும் ஊக்கமாக வெடித்துப் பார்த்தன.

மிர்டால் தம் குழுவில் அறிவியலாளரைச் சேர்த்துக்கொண்டார். உலகெங்குமுள்ள நிலநடுக்கப் பதிவு நிலையங்களை ஒருங்கிணைத்து, பதிவுகளை எல்லா நாடுகளும் பகிர்ந்துகொண்டால் வெடிப்பைக் கண்டறியலாம் என்று சுவீடன் வாதிட்டது. ஐயத்துக்கு ஆளான நாடு தானே முன்வந்து விளக்கம் தரட்டும்; தர மறுப்பின் அம்மறுப்பே அதற்குப் பழியாகட்டும் என்றது. வாதத்தோடு நில்லாமல் 1969இல் ஹாக்போர்ஸ் என்னுமிடத்தில் தானே ஒரு நிலநடுக்க ஆய்வு நிலையத்தையும் நிறுவியது. கண்டறிய இயலாது என்பது காரணமன்று, சாக்கு என்று அவையறியக் காட்டுவதே இம்முயற்சியின் உட்பொருள். எதிரணி ஏற்காது என்று அறிந்தே நிபந்தனை வைப்பதும், அது மறுத்தவுடன் உலகின் முன் வருந்துவதுமாக இரு வல்லரசுகளும் உள்ளூர ஒத்துழைத்து ஆடிய ஆட்டத்தை, 1976இல் வெளியிட்ட நூலில் அவர் ஒளிவுமறைவின்றி எழுதினார். அந்நூலின் தலைப்பே படைக்கலக் குறைப்பை ஓர் ஆட்டம் என்றுதான் சொல்கிறது.

இத்துணிவு திடுமென வந்ததன்று. 1902இல் உப்சாலாவில் பிறந்து எஸ்கில்ஸ்டூனாவில் வளர்ந்த அவருக்கு, அவ்வூரில் பெண்களுக்கு மேல்நிலைக் கல்வி இல்லாமையால் படிப்பே போராட்டமாயிற்று. 1924இல் பொருளியலாளர் குன்னார் மிர்டாலை மணந்தார். மக்கள்தொகைச் சிக்கலைப் பற்றி இருவரும் 1934இல் எழுதிய நூல் சுவீடனின் குடும்ப நலக் கொள்கைக்கு அடிகோலியது. தாய்மார்க்கு உதவி, பிள்ளைகளுக்குப் பராமரிப்பு, நல்ல குடியிருப்பு என்று அது கேட்டவை அனைத்தும் போற்றத்தக்கவை. அதே நூல், பெற்றோராகத் தகுதியற்றவர் எனக் கருதப்பட்டோருக்குக் கருத்தடை செய்வதையும் ஏற்றது. 1934இலும் 1941இலும் இயற்றப்பட்ட சட்டங்களின்கீழ், 1975க்குள் 60,000க்கும் மேற்பட்டோர் கருத்தடைக்கு உட்படுத்தப்பட்டனர். அவருள் உளமார இசையாதார் பலர். அரசு இழப்பீடு வழங்க முன்வந்தது 1999இல்தான். வல்லரசுகளிடம் சான்று கேட்டவர், தம் காலத்து அறிவியலின் செருக்கிடம் அதைக் கேட்கத் தவறினார். புகழுரைகள் பலவும் இதைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன. நாம் அவ்வாறு செய்வதற்கில்லை.

ஐக்கிய நாடுகள் அவையிலும் யுனெஸ்கோவிலும் சமூக அறிவியல் துறைகளை நடத்திய பின், 1955இல் புதுதில்லிக்கு வந்தார். தூதர் பதவியில் சுவீடன் அமர்த்திய முதற்பெண் அவரே. இலங்கையும் பர்மாவும் அப்பொறுப்பிலேயே அடங்கின. நேருவின் நட்பைப் பெற்றார். 1954இலேயே சோதனைகளை நிறுத்துமாறு உலகை வேண்டியவர் நேரு. மிர்டால் 1961இல் நாடு திரும்பியதும், வெளியுறவு அமைச்சர் ஓஸ்டன் உண்டேன் அவரைப் படைக்கலக் குறைப்புப் பணியில் ஈடுபடுத்தினார். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் புகுந்தார். 1967 முதல் 1973 வரை அமைச்சராகவும் இருந்து அப்பணியைத் தொடர்ந்தார். 1966இல் ஸ்டாக்ஹோம் பன்னாட்டு அமைதி ஆய்வு நிறுவனம் தோன்றியதிலும் அவர் பங்கு பெரிது. எந்நாட்டிடம் எத்தனை அணுகுண்டு என்று இன்று ஏடுகள் எழுதும்போது, பெரும்பாலும் அந்நிறுவனத்தின் கணக்கையே எடுத்தாள்கின்றன.

சுவீடன் வெறுங்கையோடு அறம் பேசிய நாடன்று என்பதை இங்கே நினைத்தல் தகும். 1954இல் அதன் தலைமைப் படைத்தளபதியே அணுகுண்டு வேண்டும் என்று வெளிப்படையாகக் கோரினார். அறிவும் கருவியும் இருந்தன. ஆளுங்கட்சியின் மகளிர் பிரிவு எதிர்த்து நின்றது. நெடிய விவாதத்துக்குப் பின் அம்முயற்சி கைவிடப்பட்டது. 1968இல் அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கையில் சுவீடன் கையொப்பமிட்டது. ஜெனீவாவில் அதனோடு அணிசேராதாராக அமர்ந்திருந்த இந்தியா மறுத்தது. 1974இல் பொக்ரானில் வெடித்துப் பார்த்தது. உடன்படிக்கை ஏற்றத்தாழ்வானது என்ற இந்தியாவின் முறையீடு பொய்யன்று. வல்லரசுகள் தம் பங்குக்கு எதையும் துறக்கவில்லை என்று மிர்டாலும் கடிந்தவரே. ஆயினும் அதே குறையைக் கண்ட இரு நாடுகள் எதிரெதிர்த் திசைகளில் சென்றன.

1982இல் மெக்சிக்கோவின் அல்போன்சோ கார்சியா ரோப்லெசுடன் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மிர்டால், 1986 பிப்ரவரி முதல் நாள் மறைந்தார். அம்மாத இறுதியில் சுவீடனின் தலைமை அமைச்சர் ஓலோப் பால்மே சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே சுவீடனின் போபர்ஸ் நிறுவனம் இந்தியாவுக்கு 410 பீரங்கிகளை விற்கும் ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. ஒரு கையால் படைக்கலக் குறைப்பு வரைவையும் மறு கையால் பீரங்கி விலைப்பட்டியலையும் நீட்டுவது சுவீடனுக்கு அன்றும் புதிதன்று.

2017இல் அணு ஆயுதங்களை அறவே விலக்கும் உடன்படிக்கைக்கு ஐக்கிய நாடுகள் அரங்கில் வாக்களித்த சுவீடன், ஈராண்டு கழித்து அதில் கையொப்பமிடுவதில்லை என அறிவித்தது. 2024 மார்ச்சில் நேட்டோவில் சேர்ந்தது. உக்ரைன் போரைக் கண்ட மக்களின் அச்சத்தை நாம் எளிதாக எண்ணவில்லை. ஆனால் ஜெனீவாவில் எவ்வணியையும் சாராது நின்று இரு பக்கத்தையும் கேள்வி கேட்ட அந்த இருக்கை இன்று வெறுமையாயிற்று. அதில் அமர வேறெந்த நாடும் முன்வரவில்லை.

மிர்டால் கேட்ட பதிவு நிலைய வலையமைப்பு இன்று வியன்னாவிலிருந்து இயங்குகிறது. 2006 முதல் 2017 வரை வடகொரியா நடத்திய ஆறு சோதனைகளையும் அது கண்டறிந்தது. எனினும் 1996இல் நிறைவேறிய முழுச் சோதனைத் தடை உடன்படிக்கை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அமெரிக்காவும் சீனாவும் கையொப்பமிட்டு ஏற்புறுதி செய்யாதிருக்கின்றன. உருசியா 2023இல் தன் ஏற்புறுதியைத் திரும்பப் பெற்றது. அணு ஆயுதம் கொண்ட நாடுகளுள் கையொப்பமே இடாதவை வடகொரியா, பாக்கிஸ்தான், இந்தியா. கண்டறிய இயலாது என்ற சாக்கு இவற்றுள் எதற்கும் இன்று இல்லை. வேறு என்ன காரணம் என்பதை இந்திய அரசு நாடாளுமன்றத்தில் எடுத்துரைக்கட்டும்.