முழங்கால் டயர் அல்ல

ஞாயிறு காலை. மும்பை போரிவலி ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஒரு பெண்மணி கூட்டத்தை முன்னே போகவிட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு கால்களையும் வைத்து இறங்குகிறார். மாட்டுங்காவில் வசிப்பவர். வயது 62. வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். இரண்டு முழங்கால்களிலும் ஆர்த்ரைடிஸ், வலதில் அதிகம். இந்த நிலைமையில் வீட்டில் இருக்கக்கூடாதா என்று பின்னால் வரும் இளைஞர்களுக்குத் தோன்றலாம். அவரோ காட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

வீட்டில் இருந்து பார்த்தவர்தான் அவர். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் நிறைய விஷயங்கள் சொன்னார். வீடு திரும்பும்போது அவர் மனதில் நின்றது ஒரே சொல்: தேய்மானம். தேய்வது என்றால் செருப்பு தேய்வது, டயர் தேய்வது. ஓட ஓடத் தேயும். ஓட்டாமல் வைத்தால் மிச்சமாகும். குடும்பமும் அப்படியே புரிந்துகொண்டது. முதலில் மார்க்கெட் நின்றது. பிறகு கோயில். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடியிலிருந்து இறங்குவதே அபூர்வமானது. "நீ உட்காரும்மா, நான் பார்த்துக்கறேன்" என்று மகள் பாசத்தோடு சொன்ன ஒவ்வொரு தடவையும் அவருடைய உலகம் ஓர் அறை குறைந்தது. ஓராண்டு முடிவில் எடை ஏறியிருந்தது, தொடைகள் மெலிந்திருந்தன, வலி மட்டும் குறையவில்லை.

தேய்மானம் என்ற சொல்லில் பாதி உண்மைதான் இருக்கிறது. முழங்காலில் எலும்பும் எலும்பும் உராயாமல் காப்பது குருத்தெலும்பு. ஆஸ்டியோ ஆர்த்ரைடிஸில் அது மெலிந்து சிதைகிறது என்பது சரி. ஆனால் அது ரப்பர் அல்ல, உயிருள்ள திசு. அதற்குள் ரத்தக் குழாய்கள் கிடையாது. தனக்கு வேண்டிய சத்தை மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்து பெறுகிறது. காலை ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது விரிந்து, பஞ்சைப் போல அந்தத் திரவத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அசையாத மூட்டுக்கு இந்தச் சாப்பாடு சரியாகக் கிடைப்பதில்லை. அசையாத காலில் தொடைத் தசையும் மெலிகிறது. நடையின் அதிர்ச்சியை மூட்டுக்கு முன்னால் நின்று தாங்குவது அந்தத் தசைதான். அது தளர்ந்தால் முழுச் சுமையும் முழங்காலில் இறங்குகிறது. ஓட்டாமல் நிறுத்தினால் டயர் மிச்சமாகலாம்; முழங்கால் மிச்சமாவதில்லை.

இதற்கு ஆய்வுகளின் ஆதரவும் உண்டு. முழங்கால் ஆர்த்ரைடிஸ் உள்ள, 50 வயதைத் தாண்டிய 1,200க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று 2022இல் வெளிவந்தது. தொடக்கத்தில் அடிக்கடி வலி இல்லாதவர்களில், உடற்பயிற்சியாக நடந்தவர்களுக்குப் புதிதாக அப்படி வலி வரும் வாய்ப்பு நடக்காதவர்களைவிடச் சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது. நடந்ததால்தான் வலி வரவில்லை என்று இதை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நடந்தால் மூட்டு கெட்டுவிடும் என்ற பயத்துக்கு இதில் இடமில்லை. எடை விஷயத்தில் கணக்கு இன்னும் தெளிவு. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மீதான சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

சரி, நடப்பதென்றால் எங்கே? மாட்டுங்காவின் நடைபாதைகளில் பாதி கடைக்காரர்களுக்கு, மீதி ஸ்கூட்டர்களுக்கு. ஹார்ன் கேட்டதும் விலகித் துள்ளுவது முழங்காலுக்கு ஆகாத வேலை. சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா அவருக்கு ஒத்துவந்தது இப்படித்தான். மும்பைக்கும் தாணேவுக்கும் இடையே சுமார் 104 சதுர கிலோமீட்டர் காடு. உள்ளே துளசி, விஹார் என்று இரண்டு ஏரிகள். வாயிலைத் தாண்டிச் சற்று உள்ளே போனால் யாரும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. நின்றால் ஏன் நின்றீர்கள் என்று கேட்பாரும் இல்லை. ஒரு பறவையைப் பார்ப்பவரைப் போல நின்றுகொள்ளலாம். சில சமயம் பறவையும் இருக்கும்.

முதல் இரண்டு மாதங்கள் அவர் வாயிலிலிருந்து பத்து நிமிடம் உள்ளே நடந்து, பத்து நிமிடம் திரும்பி நடந்ததோடு சரி. பிறகு வாரத்துக்கு இரண்டு, மூன்று நிமிடம் கூடியது. நடந்த பிறகு கூடிய வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அன்றைய தூரம் அதிகம் என்று பொருள், மறுமுறை குறைத்துக்கொள்வார். பிசியோதெரபிஸ்டுகள் பரவலாகச் சொல்லும் அளவுகோல் இது. வலியே கூடாது என்று காத்திருந்தால் வாயிலையே தாண்ட முடியாது. எவ்வளவு வலி, எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. புறப்படும் முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கத்தை அவர் விட்டுவிட்டார். அந்த மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். அதோடு, போதும் என்று கால் சொல்வது காதில் விழாமல் போய்விடும்.

மலைப்பாதையில் மூச்சு வாங்கவைப்பது ஏற்றம். முழங்காலைப் படுத்துவது இறக்கம். ஏறும்போது களைப்பு தெரிவதால் எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். இறங்கும்போது சுலபம் என்று நினைத்து வேகமாக வருகிறார்கள். ஒவ்வொரு அடியிலும் உடலின் வேகத்துக்கு பிரேக் போடும் வேலை முழங்கால்களுடையது. சரிவில் இரண்டு ஊன்றுகோல்களுடன் இறங்கினால் முழங்காலில் விழும் விசை 25 சதவீதம் வரை குறையலாம் என்று 1999இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. ஒற்றைக் கோல் என்றால் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் வலிக்கும் பக்கமே ஊன்றுகிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். பிடிமானம் உள்ள தட்டையான ஷூ வேண்டும். ரப்பர் செருப்பு உதவாது. இன்னொரு பொறி புளியோதரைப் பொட்டலம். தரையில் விரிப்பைப் போட்டுச் சம்மணமிட்டுச் சாப்பிடலாம், ஆனால் எழுந்திருப்பது நடந்துவந்த தூரத்தைவிடக் கடினம்.

எல்லா மூட்டு வலிக்கும் நடை மருந்தல்ல. மூட்டு வீங்கிச் சிவந்து சூடாக இருந்தாலோ, கூடவே காய்ச்சல் அடித்தாலோ, முழங்கால் மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது திடீரென்று மடங்கினாலோ பூங்காவுக்கு முன் டாக்டரிடம் போக வேண்டும். காலையில் எழுந்ததும் கை, கால் மூட்டுகளின் விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது ருமாட்டாய்டு ஆர்த்ரைடிஸாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு. தள்ளிப்போட்டால் மூட்டுகள் நிரந்தரமாகச் சேதமடையும்.

காட்டுக்கும் சில நிபந்தனைகள் உண்டு. இந்தப் பூங்கா சிறுத்தைகளின் வீடு. அந்தி சாயும்வரை தங்குவதும், தனியாக ஒற்றையடிப் பாதையில் ஒதுங்குவதும் கூடாது. வேகமாக நடக்க முடியாதவர்கள் திரும்பும் நேரத்தைக் கூட்டிக் கணக்கிட வேண்டும். மழைக்காலத்தில் காடு மிக அழகாக இருக்கும். பாறைகள் பாசி பிடித்து வழுக்குவதும் அப்போதுதான்.

எல்லா ஊரிலும் காடு இல்லை, தேவையும் இல்லை. டெல்லிவாசிகளுக்கு லோதி தோட்டத்தின் சமதரைப் பாதைகள் தொடங்குவதற்குப் போதும். ஹைதராபாதில் கே.பி.ஆர். தேசியப் பூங்கா நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. கொல்கத்தாக்காரர்களுக்கு ஆற்றின் மறுகரையில் சிப்பூர் தாவரவியல் தோட்டம். 1787இல் தொடங்கப்பட்டது, அநேகமாக ஏற்ற இறக்கமே இல்லாதது. பெங்களூர் லால்பாகில் மர நிழல் பாதைகளோடு, சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையான பாறைக் குன்றும் உண்டு. முழங்கால் வலிக்காரர்கள் குன்றை முதல் மாதம் கீழிருந்து பார்ப்பது நல்லது.

மாட்டுங்கா பெண்மணிக்கு அப்படிக் கீழிருந்து பார்க்கும் இடம் கான்ஹேரி. பூங்கா வாயிலிலிருந்து சுமார் ஆறு கிலோமீட்டர் உள்ளே, கரும்பாறையில் குடைந்த நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள். கிறிஸ்து பிறப்பை ஒட்டிய காலத்தில் தொடங்கி, பல நூற்றாண்டுகள் பிக்குகள் தங்கிய இடம். பாறையிலேயே வெட்டிய நீர்த்தொட்டிகள், கல் திண்ணைகள், படிகள். கைப்பிடி எல்லா இடத்திலும் கிடையாது. படிகளின் உயரமும் ஒன்றுபோல இருக்காது.

இந்த ஞாயிறு அவர் அடிவாரம்வரை வண்டியில் வந்து, அங்கிருந்து பக்கத்து வீட்டுப் பெண்ணுடன் மெதுவாக ஏறுகிறார். மூன்றாம் எண் குகையின் முகப்பில் இரு பக்கமும் ஏறக்குறைய 7 மீட்டர் உயரத்தில் நிற்கும் புத்தர்களை அண்ணாந்து பார்க்கிறார். உள்ளே தூண்களுக்கு நடுவே ஒரு சுற்று. வெளியே வந்ததும் கல்லில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிப் பார்க்கிறார். சூடு இல்லை. வலி இருக்கிறது; வழக்கமான வலி.

"இன்னும் கொஞ்சம்தான் மாமி. மேலே போனா மொத்தக் காடும் தெரியும்."

"போயிடலாம்டி. இறங்கி வரணுமே."

ஒரு வருடத்துக்கு முன்பு இதே வார்த்தைகளைத்தான் வீட்டு வாசற்படியில் நின்று மகளிடம் சொல்வார். அன்று அது வெளியே போகாமல் இருக்க ஒரு காரணம். இன்று எங்கே திரும்ப வேண்டும் என்ற கணக்கு. கையிலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, கோலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது காலை முதலில் வைத்து இறங்கத் தொடங்குகிறார். மேலே இருக்கும் குகைகள் ஆயிரக்கணக்கான மழைக்காலங்களைப் பார்த்தவை. அடுத்த மாதமும் அங்கேதான் இருக்கும்.