ஒற்றுமை அரசாங்கம்: ஒப்பந்தத்தால் மட்டும் நம்பிக்கை வளருமா?

கோலாலம்பூர் – அரசியல் தலைவர்கள் ஒருவரை ஒருவர் நம்பாவிட்டால் என்ன நடக்கும் என்பதை மலேசியர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டனர். 2018 மே மாதத்திற்கும் 2022 நவம்பருக்கும் இடையில் இந்நாட்டில் நால்வர் பிரதமராகப் பதவியேற்றனர்.

2020 பிப்ரவரியில் ‘ஷெரட்டன் நகர்வு’ பக்காத்தான் ஹராப்பான் ஆட்சியைக் கவிழ்த்தது. அதன்பின் வந்த டான்ஸ்ரீ மொகிதின் யாசினின் ஆட்சியும், அம்னோ உறுப்பினர்கள் சிலர் ஆதரவை மீட்டுக்கொண்டதால் 2021 ஆகஸ்டில் முடிவுக்கு வந்தது. இரண்டு அரசாங்கங்களையும் வீழ்த்தியது எதிர்க்கட்சியின் பலம் அல்ல. உள்ளே இருந்தவர்களிடையே நம்பிக்கை இல்லாமல் போனதே காரணம்.

எழுதி வைத்ததால் வந்த மாற்றம்

டத்தோஸ்ரீ இஸ்மாயில் சப்ரி பிரதமரானதும், 2021 செப்டம்பர் 13-ஆம் தேதி பக்காத்தான் ஹராப்பானுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் கொடுக்கும் வாக்குறுதிகள் அதில் எழுத்தில் இடம்பெற்றன. கட்சித் தாவல் தடைச் சட்டம் அந்த ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வாக்குறுதி. அது 2022 ஜூலையில் மக்களவையில் நிறைவேறி, அக்டோபர் 5-ஆம் தேதி அமலுக்கு வந்தது.

15-வது பொதுத் தேர்தலில் மக்களவையின் 222 இடங்களில் பெரும்பான்மைக்குத் தேவையான 112 எந்தக் கூட்டணிக்கும் கிடைக்கவில்லை. “அன்வார் வேண்டாம், ஜசெக வேண்டாம்” என்று பிரச்சாரம் செய்த அம்னோ, அதே அன்வாரின் அமைச்சரவையில் ஜசெகவுடன் அமர வேண்டிய நிலை வந்தது. 2022 டிசம்பர் 16-ஆம் தேதி பக்காத்தான், தேசிய முன்னணி, ஜிபிஎஸ், ஜிஆர்எஸ், வாரிசான் ஆகிய ஐந்து தரப்புகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நம்பிக்கை வாக்கெடுப்பு, வரவு செலவுத் திட்டம் போன்றவற்றில் பிரதமரை ஆதரிப்பது இதன் முக்கிய நிபந்தனை.

சட்டத்தின் எல்லை

சட்டமும் ஒப்பந்தமும் வேலி மட்டுமே. பெர்சத்துவின் ஆறு நாடாளுமன்ற உறுப்பினர்கள் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிமுக்கு ஆதரவு தெரிவித்தனர். அவர்களின் இடங்கள் காலியாகவில்லை என 2024-இல் சபாநாயகர் முடிவு செய்தார். ஆக, தாவலைத் தடுக்க நினைத்த சட்டத்திலும் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைத் தலைவர்களின் நடத்தைதான் அடைக்க வேண்டும்.

அமைச்சரவை கூட்டாக நாடாளுமன்றத்திற்குப் பொறுப்பு என்கிறது கூட்டரசு அரசியலமைப்பு. உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடலாம். முடிவெடுத்த பின் ஒரே குரலில் பேச வேண்டும் என்பதே இதன் நடைமுறைப் பொருள். ஓர் அமைச்சர் கூட்டத்தில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, வெளியே வந்து கட்சிக் கூட்டத்தில் அதே முடிவைக் குறை கூறினால், அடுத்த முறை அவர் முன்னிலையில் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்?

நமக்கு என்ன?

இது புத்ராஜெயா விவகாரம், தோட்டப்புற மக்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தோட்ட நிலத்தில் இருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளியை இடம் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி, கல்வி அமைச்சின் கீழ் வருகிறது. நிலம், மாநில அரசாங்கத்தின் அதிகாரம். பணத்திற்கு நிதியமைச்சு வேண்டும். தோட்ட நிறுவனத்தின் சம்மதமும் வேண்டும். இந்த மேசைகளில் வெவ்வேறு கட்சிக்காரர்கள் இருந்து, நற்பெயர் யாருக்குப் போகும் என்று கணக்குப் பார்த்தால் கோப்பு நகராது. பிள்ளைகள் மட்டும் பழைய கட்டடத்திலேயே படித்து முடித்து வெளியேறுவார்கள்.

மித்ராவும் இதற்கு ஒரு சான்று. 2018-இல் தொடங்கிய அப்பிரிவு பிரதமர் துறைக்கும் தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சுக்கும் இடையே பலமுறை மாற்றப்பட்டது. பொறுப்பாளர்களும் மாறினர். இப்படி மாறும்போது, மானியத்திற்கு மனு செய்யும் சங்கங்கள் மீண்டும் முதலிலிருந்து விளக்க வேண்டி வரலாம்.

2023 ஆகஸ்டில் நடந்த ஆறு மாநிலத் தேர்தல்களில் ம.இ.கா. போட்டியிடவில்லை. பங்காளிகள் எல்லாருக்கும் சம மரியாதை கிடைக்கிறதா என்ற கேள்வி அன்று முதல் அக்கட்சியினரிடம் இருக்கிறது. தொகுதிப் பங்கீட்டில் தொடங்கும் இத்தகைய மனக்கசப்பைத் தேர்தல் நேரத்தில் பேசித் தீர்க்க முடியாது. அதற்கு முன்பே, ஒற்றுமை அரசாங்கச் செயலகம் போன்ற இடங்களில் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

16-வது பொதுத் தேர்தல் நெருங்க நெருங்க ஒவ்வொரு கட்சியும் தன் பலத்தைக் காட்டவே முனையும். அது இயல்பு. ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார்கள். இந்தத் தேரை இழுப்பவர்கள் ஒன்றாக இழுக்கிறார்களா என்பதை அறிய மேடைப் பேச்சுகளை அல்ல, தேங்கிக் கிடக்கும் கோப்புகள் நகர்கின்றனவா என்பதையே வாக்காளர்கள் பார்க்க வேண்டும்.