மன்னனின் மதமும் மாணவியின் மனமும்

சென்ற ஆண்டு நம் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவியரைக் கிருஷ்ணகிரிக் கோட்டைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். மலையேறிக் களைத்து, பாறை நிழலில் அமர்ந்து, கட்டி வந்த புளிச்சோற்றைப் பிரித்தபோது, பேச்சு அக்கோட்டையை ஆண்டவர்களைப் பற்றித் திரும்பியது. ஐதர் அலியும் திப்பு சுல்தானும் இதை ஆண்டார்கள் என்று சொன்னேன்.

"திப்பு வெள்ளைக்காரரை எதிர்த்த வீரர், டீச்சர்" என்றாள் ஒரு மாணவி.

"இல்லை டீச்சர், அவர் கிறிஸ்தவர்களைச் சிறை பிடித்தவர், மாதா கோயில்களை இடித்தவர். எங்கள் மாமா பெங்களூரிலிருந்து வாங்கி வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது" என்றாள் மற்றொருத்தி.

இருவரும் வாதாடத் தொடங்கினர். அவர்களுக்கு நடுவே அமர்ந்திருந்த இஸ்லாமிய மாணவி உண்பதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆயினும் 1799ஆம் ஆண்டில் இறந்துபோன ஒரு மன்னனுக்காகத் தானே பதில் சொல்லியாக வேண்டும் என்பதுபோல அவள் முகம் வாடியிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "சீக்கிரம் சாப்பிடுங்கள், வெயில் ஏறுகிறது" என்று பேச்சை மாற்றிவிட்டேன். வரலாறு கற்பிக்கும் ஆசிரியை செய்யத் தகாத செயல் அது. அன்று சொல்லாமல் விட்ட பதிலையே இன்று இந்த ஆண்டு மலரில் எழுதுகிறேன்.

குழந்தைகளுக்கான வரலாற்று நூல்கள் மன்னர்களை அவர்களுடைய செயலைக் கொண்டு அளக்காமல், மதத்தைக் கொண்டு பெயரிட்டு அழைக்கும்போது, அந்த மதத்தில் பிறந்த சிறுமியும் வகுப்பறையில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறாள். இது அநீதி. இதை மாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது.

இப்பழக்கம் எங்கிருந்து வந்தது? 1817ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மில் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இந்திய மொழி எதுவும் அறியார். ஆயினும் நம் நாட்டு வரலாற்றை இந்துக் காலம், முகமதியர் காலம், பிரிட்டிஷார் காலம் என்று மூன்றாகப் பிரித்தார். முதல் இரண்டுக்கும் மதத்தின் பெயர், தம்மவர் காலத்திற்கு மட்டும் நாட்டின் பெயர்! இந்தப் பிரிவினையைத்தான் நம் பள்ளிப் புத்தகங்கள் நெடுங்காலம் பின்பற்றின. முகமதியர் காலம் என்று அவர் குறித்த அதே நூற்றாண்டுகளில்தான் விசயநகரப் பேரரசு தழைத்திருந்தது. நாம் வாழும் இந்தப் பாராமகால் பகுதியும் அதன் ஆட்சியில் இருந்தது. அந்த உண்மைக்கு அவருடைய பிரிவில் இடம் ஏது?

இத்தகைய ஓரவஞ்சனை நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. இங்கிலாந்தை ஆண்ட இரு சகோதரிகளை நினைத்துப் பாருங்கள். கத்தோலிக்கரான மேரி அரசி 1553 முதல் 1558 வரை ஆண்டார். அவர் ஆட்சியில் ஏறத்தாழ 280 புராட்டஸ்டண்டுகள் எரித்துக் கொல்லப்பட்டனர். ஆதலால் ஆங்கிலேயச் சிறுவர் நூல்களில் அவருக்கு 'இரத்த மேரி' என்ற பட்டம் நிலைத்துவிட்டது. அவருக்குப் பின் 1603 வரை ஆண்ட தங்கை எலிசபெத்தின் காலத்தில் ஏறக்குறைய 200 கத்தோலிக்கர் மரண தண்டனை பெற்றனர். 1581இல் தூக்கிலிடப்பட்ட குருவானவர் எட்மண்ட் கேம்பியன் அவர்களுள் ஒருவர். எலிசபெத்துக்கோ அந்நூல்கள் 'நல்ல அரசி' என்றே பெயர் சூட்டின. மேரியின் ஆட்சியில் நடந்த கொடுமை கொடுமைதான், அதைச் சிறிதும் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் ஒருவர் கைக்குத்தான் இரத்தம், மற்றவர் கைக்குப் பன்னீரா? எழுதியவர் எந்தச் சபையைச் சேர்ந்தவரோ, அந்தப் பக்கம் தராசு சாய்ந்துவிட்டது. இதைப் படிக்கும் கத்தோலிக்கச் சிறுமிக்கு மனம் வலிக்கும் அன்றோ? அந்த வலியை நாம் அறிவோம். ஆதலால் பிறர் வலியையும் அறிய வேண்டும்.

இனி, நம் பக்கத்தையும் பார்ப்போம். வாஸ்கோட காமா 1498இல் கோழிக்கோட்டுக்குக் கடல்வழி கண்டார் என்று நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அவரே 1502இல் மறுபடி வந்தபோது, மெக்கா யாத்திரை முடித்துத் திரும்பிய முஸ்லிம்களின் கப்பலை மறித்து, பொருள்களைக் கவர்ந்து, பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானவர்கள் உள்ளே இருக்கத் தீ வைத்தார் என்பதை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? சிலுவைப் போர் வீரர்களைப் பற்றிய கதைகள் நமக்கு எவ்வளவு இனிமையாகச் சொல்லப்பட்டன! 1099 ஜூலையில் எருசலேமைப் பிடித்த அவர்கள் அந்நகரத்து முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டி வீழ்த்தியதும், 1187இல் அதை மீட்ட சலாதீன் அவ்வாறு படுகொலை செய்யாமல், மீட்புப் பணம் பெற்று மக்களை வெளியேற விட்டதும் அக்கதைகளில் விடுபட்டுப் போயின. பணம் கட்ட இயலாதவர் பலர் அடிமைகளாயினர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1204இல் சிலுவைப் போர் வீரர்கள் கான்ஸ்டாண்டிநோபிளைச் சூறையாடினர். அங்கே அவர்கள் வாளுக்கு இரையானவர்கள் கிறிஸ்தவர்களே!

இப்போது கிருஷ்ணகிரி மலைக்குத் திரும்புவோம். அந்த இரு மாணவியரில் யார் சொன்னது சரி? இருவர் சொன்னதும் உண்மைதான், இருவர் சொன்னதும் பாதிதான்.

1784இல் திப்பு சுல்தான் மங்களூர்ப் பகுதிக் கத்தோலிக்கர் பல்லாயிரவரைச் சிறைப்படுத்தி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திச் சென்றார். தேவாலயங்கள் இடிக்கப்பட்டன. வழியிலும் சிறையிலும் மாண்டவர் பலர், கட்டாயமாக மதம் மாற்றப்பட்டவரும் உண்டு. ஆங்கிலேயருக்கு அவர்கள் துணை போனார்கள் என்பது திப்புவின் குற்றச்சாட்டு. காரணம் எதுவாயினும், ஒரு சமுதாயம் முழுவதையும் தண்டித்தது கொடுமையே. இதை மறைத்துவிட்டு அவரை வீரர் என்று மட்டும் எழுதும் நூல் மங்களூர்க் கத்தோலிக்கரின் கண்ணீரை அழித்துவிடுகிறது.

அதே திப்பு, 1791இல் மராத்தியப் படையினர் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது, அங்கிருந்த சங்கராச்சாரியாருக்கு மரியாதையுடன் கடிதங்கள் எழுதி, சாரதாம்பாள் திருவுருவத்தை மீண்டும் நிறுவப் பொருளுதவி செய்தார். அக்கடிதங்கள் 1916இல் மைசூர்த் தொல்பொருள் துறையினரால் கண்டெடுக்கப்பட்டன. மடத்தைச் சூறையாடியவர்கள் இந்துக்கள், உதவியவர் முஸ்லிம். இதை மறைத்துவிட்டு அவரை மதவெறியர் என்று மட்டும் எழுதும் நூலும் பாதியையே சொல்கிறது.

அந்தப் போரிலே யார் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதையும் கவனியுங்கள். 1790 முதல் 1792 வரை நடந்த மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயரும், இந்துக்களான மராத்தியரும், முஸ்லிமான ஐதராபாத் நிசாமும் ஓரணியில் நின்று திப்புவை எதிர்த்தனர். திப்புவின் அமைச்சரோ பூர்ணையா என்ற பிராமணர். போர் முடிந்து 1792இல் செய்துகொண்ட உடன்படிக்கையால்தான் நம் பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. மண்ணுக்கும் வரிக்கும் நடந்த போரை மதப் போர் என்று எழுதினால், நம் ஊர் கைமாறிய கதையே நமக்கு விளங்காது.

பொய்யைப் புத்தகத்தில் ஏற்றிவிட்டால் அது எத்தனை தூரம் ஓடும் என்பதற்கும் திப்புவே சான்று. பின்னாளில் ஒரிசா ஆளுநராக இருந்த பி. என். பாண்டே என்னும் அறிஞர் 1977இல் மாநிலங்களவையில் ஒரு செய்தியைக் கூறினார். திப்பு மதம் மாறச் சொன்னதால் 3000 பிராமணர் தற்கொலை செய்துகொண்டனர் என்று ஒரு பள்ளி வரலாற்று நூலில் அவர் முற்காலத்தில் கண்டார். ஆதாரம் எங்கே என்று நூலாசிரியருக்கு எழுதிக் கேட்டார். மைசூர் கெசட்டியரில் இருக்கிறது என்று பதில் வந்தது. மைசூருக்கு எழுதி விசாரித்தார். அப்படி ஒரு நிகழ்ச்சியே கெசட்டியரில் இல்லை என்று அங்கிருந்த பேராசிரியர் தெரிவித்தார். பாண்டே ஒரு கடிதம் எழுதிக் கேட்டிராவிட்டால்? கேட்காமல் படித்த குழந்தைகள் எத்தனை ஆயிரம்!

"ஏன் வம்பு? சச்சரவு தரும் பாடங்களை எடுத்துவிடலாமே" என்று சிலர் கூறுவர். நம் எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் 2015இல் அரசு திப்பு ஜெயந்தியைத் தொடங்கியது, 2019இல் வேறோர் அரசு அதை நிறுத்தியது. பாடநூலிலிருந்தே திப்புவை நீக்க வேண்டும் என்ற பேச்சும் அப்போது எழுந்தது. நீக்குவதால் என்ன பயன்? புத்தகம் சொல்லாததைத் தெருவும் கைப்பேசியும் சொல்லும், அதுவும் பாதியாகவே சொல்லும்.

மாணவிகளே, எந்த வரலாற்று நூலைப் படித்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை எழுதியவர் யார், எக்காலத்தில் எழுதினார்? இந்த மன்னன் இதைச் செய்தது மதத்திற்காகவா, நாட்டுக்காகவா, பணத்திற்காகவா, பகைக்காகவா? இதே செயலை என் மதத்தைச் சேர்ந்த மன்னன் செய்திருந்தால் இந்நூல் இதே சொல்லால் எழுதியிருக்குமா? மூன்றாவது கேள்விதான் கடினமானது. அதைத் தன்னையே கேட்டுக்கொள்பவளே வரலாறு கற்றவள்.

பெற்றோர்களே, பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கும்போது படங்களை மட்டும் பாராமல் இரண்டு பக்கங்களையாவது படித்துப் பாருங்கள். வீட்டில் "அவர்கள்", "நம்மவர்கள்" என்று நாம் பேசும் பேச்சே குழந்தையின் முதல் வரலாற்று நூல் என்பதை மறவாதீர்கள். அருட்சகோதரியரிடம் ஒரு வேண்டுகோள்: நம் நூலகத்தில் ஒரே நிகழ்ச்சியை இரு வேறு கண்களால் எழுதிய நூல்களை அருகருகே வைப்போம்.

இது நம் திருச்சபைக்குப் புதிய வழியன்று. 1965 அக்டோபர் 28ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏட்டில், கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் பழம்பகையை விட்டு ஒருவரையொருவர் புரிந்துகொள்ள உண்மையாக முயல வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் உரோமையில் திருச்சபையின் மக்கள் செய்த குற்றங்களுக்காக இறைவனிடம் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். தன் பிழையை ஒப்புக்கொள்வதால் திருச்சபை சிறுமையடையவில்லை. நம் புத்தகங்களும் சிறுமையடையமாட்டா.

அடுத்த முறை கோட்டைக்குச் செல்லும்போது நான் பேச்சை மாற்றப் போவதில்லை. திப்புவின் கொடுமையையும் சொல்வேன், கொடையையும் சொல்வேன். சிலுவைப் போர் வீரர்களின் செயலையும் அதே மூச்சில் சொல்வேன். அப்போது எந்த மதத்துச் சிறுமியும் தலை குனியாமல், எல்லோரும் ஒன்றாய் அமர்ந்து புளிச்சோறு உண்ண வேண்டும். அத்தகைய வகுப்பறையை உருவாக்க இறைவன் நமக்குத் துணை நிற்பாராக!

— வரலாற்று ஆசிரியை