மருந்துத் தண்ணி



எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் நான் சொல்வதெல்லாம் அம்மாவுக்கு வேதவாக்கு. அதில் வந்த வினை இது.

சிதம்பரத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். தெருக்குழாயில் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக வரும் நாட்களில், "இந்த மருந்துத் தண்ணி வேணாம்டா தம்பி" என்று அம்மா முகம் சுளிக்கும். வேதியியல் படித்த தெம்பில் நானும், "ஆமாம்மா, குளோரினால் புற்றுநோய் வருமாம்" என்று அளந்துவிட்டுக் கடலூர் ஹாஸ்டலுக்குப் பஸ் ஏறிவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் குடிக்கக் குளத்துத் தண்ணீர். பத்தே நாளில் தங்கச்சிக்கு வயிற்றுப்போக்கு. மூன்று நாள் குளுக்கோஸ் ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னை யாரும் திட்டவில்லை, அதுதான் சுட்டது.

நான் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. மக்கிய இலை, பாசி கலந்த நீரில் குளோரின் சேர்ந்தால் குளோரோஃபார்ம் போன்ற ட்ரைஹாலோமீத்தேன்கள் உண்டாகும் என்பதை 1974-ல் ஹாலந்தில் யோஹன்னஸ் ரூக் வெளியிட்டார். உப்பு ஏறிய நீரில் புரோமைடு இருந்தால் புரோமின் வகைகளும் சேரும் (கடற்கரைக்காரர்கள் கவனிக்க!). பல்லாண்டுகள் அதிகமாகக் குடித்தவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் நாட்டுத் தரமான ஐ.எஸ். 10500 (2012) குளோரோஃபார்முக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என எல்லை போட்டிருக்கிறது. ஆனால் அதே தரம், கிருமி நீக்கிய நீரில் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும் என்றும் சொல்கிறது. இந்தப் பாதியைத்தான் நான் விட்டுவிட்டேன். ஓ139 என்ற புதுவகைக் காலரா 1992-ல் சென்னையிலேயே தலைகாட்டியதையும் மறந்துவிட்டேன்.

என் கட்சி இதுதான்: குறைக்க வேண்டியது குளோரினை அல்ல, சேற்றையும் பாசியையும். நம் மாவட்டத்து வீராணம் ஏரி நீர் வடக்குத்தில் சுத்தமாகி 2004 முதல் சென்னைக்குப் போகிறது. எங்கள் ஊரிலோ, பாசி படிந்த தொட்டியில் கைக்கணக்குக்குப் பவுடர்! தொட்டியைக் கழுவிவிட்டு அளந்து போட்டால் இரண்டு பயமும் குறையும். திறந்த பாத்திரத்தில் நன்றாகக் கொதிக்க வைத்தால் கிருமியும் சாகும், குளோரோஃபார்மும் பெரும்பாலும் ஆவியாகிவிடும். கேஸ் செலவுதான் இடிக்கிறது.

இப்போது வீட்டில் மறுபடியும் குழாய்த் தண்ணீர். வாடை தூக்கினால் அம்மா, "இன்னிக்கு எவ்ளோப்பா போட்ட?" என்று டேங்க் ஆபரேட்டர் அண்ணனைக் கேட்கிறது. அளந்து பார்க்கக் குளோரோஸ்கோப் தரவில்லையாம், அவர் தலையைச் சொறிகிறார்.