4 சதவிகிதம்: சான்றிதழுக்கும் கொள்முதல் ஆணைக்கும் இடையே

தேனாம்பேட்டை அண்ணா சாலையில் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷனின் தலைமை அலுவலகம் இருக்கிறது. அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில், செனடாப் சாலையில், தாட்கோ அலுவலகம். ஒன்று ஒன்றிய அரசின் பொதுத்துறை நிறுவனம். தன் ஆண்டுக் கொள்முதலில் 4 சதவிகிதத்தைப் பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோரிடமிருந்து வாங்க வேண்டும் என்னும் ஆணைக்கு உட்பட்டது. மற்றொன்று பட்டியலினத்தவர் தொழில் தொடங்கக் கடனும் மானியமும் பெற வழிசெய்ய 1974இல் தமிழ்நாடு அரசு நிறுவியது. பொருள் வாங்கக் கடமைப்பட்டவரும் பொருள் செய்ய உதவுபவரும் இத்தனை அருகில் இருந்தும், இரண்டுக்கும் இடையிலான வழியை நம் மக்களில் கடந்தவர்கள் மிகச் சிலரே. அந்த வழி எங்கே அடைபடுகிறது என்பதை ஆணையின் வாசகத்திலிருந்தே பார்க்க வேண்டும்.

குறு, சிறு நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் ஆணை 2012 மார்ச் மாதம் அறிவிக்கப்பட்டது. 2015 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்டது. அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 20 சதவிகிதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4 சதவிகிதம் பட்டியலின, பழங்குடி உரிமையாளர்களுக்கு. 2018 திருத்தம் மொத்த இலக்கை 25 ஆக உயர்த்தியது, பெண்களுக்கு 3 சதவிகிதம் சேர்த்தது. நம் பங்கு மட்டும் 4இலேயே நின்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இவ்விரு பிரிவினரும் நாட்டில் நான்கில் ஒரு பங்கு.

தகுதி பெறுவது கடினமன்று. உத்யம் பதிவும் வட்டாட்சியர் வழங்கிய சாதிச் சான்றிதழும் வேண்டும். தனி உரிமையாளர் நிறுவனமாயின் உரிமையாளர் பட்டியலினத்தவராகவும், கூட்டு நிறுவனமோ தனியார் வரையறு நிறுவனமோ ஆயின் குறைந்தது 51 சதவிகிதப் பங்கு நம்மவர் கையிலும் இருக்க வேண்டும். சாந்தோமில் வாழும் தலித் கிறித்தவர் ஒருவருக்கு இந்த வாயில் தொடக்கத்திலேயே மூடப்பட்டிருக்கிறது; 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி அவரைப் பட்டியலினத்தவராக ஏற்பதில்லை. அது தனியே எழுத வேண்டிய அநீதி.

நம் அலுவலகத்துக்கு வரும் தொழில்முனைவோர் பலரிடம் சான்றிதழ்க் கோப்பு முழுமையாகவே இருக்கிறது. இல்லாதது கொள்முதல் ஆணை. நாடளவில் இந்த 4 சதவிகித இலக்கு எட்டப்படவே இல்லை. பல ஆண்டுகளில் கொள்முதல் ஒரு சதவிகிதத்துக்கும் கீழேயே கிடந்தது. 2016 அக்டோபரில் இதற்கெனவே தேசியப் பட்டியலின–பழங்குடியினர் மையம் லூதியானாவில் தொடங்கிவைக்கப்பட்ட பின்னரும் நிலை அடிப்படையில் மாறவில்லை.

காரணம் ஆணைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. பட்டியலின, பழங்குடி நிறுவனங்கள் ஒப்பந்தப்புள்ளியில் பங்கேற்கத் தவறினாலோ, நிபந்தனைகளையும் மிகக் குறைந்த விலையையும் நிறைவுசெய்யத் தவறினாலோ, அந்த 4 சதவிகிதத்தை ஏனைய குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்கி நிரப்பிக்கொள்ளலாம் என்று அது அனுமதிக்கிறது. இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். கடமை வாங்குபவர் மீது சுமத்தப்பட்டது. அதை நிறைவேற்றாததன் விளைவு விற்பவர் தலையில் விழுகிறது. தலித் ஒருவரிடமிருந்து ஒரு திருகாணிகூட வாங்காத நிறுவனமும் தன் ஒட்டுமொத்த இலக்கை எட்டியதாக அறிக்கை அளிக்கலாம். எந்த விதியையும் மீறியதாகாது.

பல்கலைக்கழகப் பணியிடங்களில் 'தகுதியானோர் எவருமில்லை' என்ற சொற்றொடரை நாம் நன்கறிவோம். கொள்முதலில் அதன் உடன்பிறப்பு இது. ஆனால் வேலைவாய்ப்பிலாவது நிரப்பப்படாத இடங்கள் அழிந்துவிடாமல் அடுத்த ஆண்டுக்குச் செல்லும் வழியை 2000ஆம் ஆண்டின் 81ஆவது திருத்தம் அரசமைப்பின் 16(4B) உறுப்பாகத் தந்தது. கொள்முதலில் அப்படி ஒன்றில்லை. மார்ச் 31ஆம் நாள் இரவோடு நம் பங்கு தீர்ந்துபோகிறது.

விலை நிபந்தனையும் அப்படித்தான். குறைந்த விலை கோரியவரைவிட 15 சதவிகிதத்துக்குள் கூடுதலாகக் கேட்ட குறு, சிறு நிறுவனம், அந்தக் குறைந்த விலைக்கே இறங்கிவர வேண்டும். அதிக வட்டிக்குக் கடன் வாங்கி, மூலப்பொருளைச் சில்லறையாக வாங்கும் முதல் தலைமுறைத் தொழில்முனைவோர், மூன்று தலைமுறைப் பட்டறைக்காரரின் விலைக்கு எப்படி இறங்குவார்? முன் அனுபவம், விற்றுமுதல் ஆகிய நிபந்தனைகளைத் தளர்த்தலாம் என்று 2016இல் சுற்றறிக்கை வந்தது. 'தளர்த்தலாம்' என்பது அதிகாரியின் விருப்பம். கேட்டுப் பெறும் உரிமையாகாது.

51 சதவிகிதம் என்ற அளவுகோலும் பங்கை எண்ணுகிறதே அன்றிக் கட்டுப்பாட்டைக் கேட்பதில்லை. வங்கிக் கணக்கில் கையெழுத்திடுபவர் யார், விலையை முடிவு செய்பவர் யார் என்ற வினா இல்லாத இடத்தில் பினாமிப் பங்குதாரர் நுழைவது எளிது. அமெரிக்காவில் 1972இல் உருவான சிறுபான்மை வழங்குநர் மேம்பாட்டு மன்றம் உரிமை, நிர்வாகம், கட்டுப்பாடு மூன்றையும் சோதித்தே சான்றளிக்கிறது.

அந்த அமெரிக்க முறையை நாம் வியந்து பார்ப்பதுண்டு. 2002 சனவரியில் வெளியான போபால் பிரகடனம் வழங்குநர் பன்மைத்துவத்தை இந்தியாவுக்கான கோரிக்கையாக்கியது அங்கிருந்து பெற்ற தூண்டுதலால்தான். மத்தியப் பிரதேச அரசு 30 சதவிகிதக் கொள்முதலை நம் மக்களிடமிருந்து செய்வதாக அப்போது அறிவித்தது. ஆனால் அம்முறைக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. 1982 முதல் இந்திய வம்சாவளியினரும் அங்கே அரசு ஒப்பந்தங்களில் பின்தங்கிய சிறுபான்மையினராக ஏற்கப்பட்டனர். மயிலாப்பூர் மாடவீதியிலிருந்து போன ஆதிக்கச் சாதிக்காரர் நியூ ஜெர்சியில் 'பன்முக வழங்குநர்' ஆகிவிடலாம். அதே பன்னாட்டு நிறுவனத்தின் பழைய மகாபலிபுரம் சாலைக் கிளையில் ஹவுஸ்கீப்பிங் ஒப்பந்தம் கேட்கும் தலித்துக்கு, விண்ணப்பத்தில் தன்னைக் குறிக்கும் கட்டம் இருப்பதில்லை. நாம் பார்த்த படிவங்களில் பெண் உரிமையாளருக்குக் கட்டம் உண்டு, குறு, சிறு நிறுவனத்துக்கு உண்டு; சாதி மட்டும் பேசப்படுவதில்லை. 2025 சனவரியில் அமெரிக்க அரசு பன்மைத்துவத் திட்டங்களுக்கு எதிராக ஆணையிட்ட பிறகு, அங்கேயே இந்த வாயில் குறுகி வருகிறது.

அந்தச் சாலையில் தரையைத் துடைப்பவர் யார் என்பதில் ஐயமில்லை. மயிலாப்பூர், மந்தைவெளிக் கால்வாய் ஓரங்களிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் பெயர்த்தெடுக்கப்பட்டுக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொட்டப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் நம்மவர்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகர் இடிக்கப்பட்டது நினைவிருக்கும். அவர்களுடைய உழைப்பு அந்தக் கட்டடங்களுக்குள் போகிறது. ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது என்பதே நம் வினா.

தனியார் துறையைக் கேட்கச் சட்டம் இல்லை; 2006இல் தொழில் கூட்டமைப்புகள் தாமே வகுத்துக்கொண்ட தன்னார்வ நடத்தைநெறி மட்டுமே உண்டு. எனினும் கையில் ஒரு கருவி இருக்கிறது. சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களிலுள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் 2022–23 முதல் செபியின் வணிகப் பொறுப்பு, நீடித்த தன்மை அறிக்கையைக் கட்டாயம் வெளியிட வேண்டும். அதன் எட்டாம் கோட்பாட்டின் கீழ் ஒரு வினா: விளிம்புநிலை மக்களிடம் முன்னுரிமையுடன் வாங்கும் கொள்கை உண்டா, எந்தப் பிரிவினரிடம், மொத்தக் கொள்முதலில் எத்தனை சதவிகிதம்? இவ்வினா கட்டாயப் பகுதியில் இல்லை. விரும்பினால் விடையளிக்கும் பகுதியில் இருக்கிறது. அதைக் கட்டாயப் பகுதிக்கு மாற்ற நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, செபியின் சுற்றறிக்கை ஒன்று போதும்.

ஆணை கிடைத்தவருக்கும் பணம் வருவது தனிப் போராட்டம். 45 நாட்களுக்குள் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டுவட்டி என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். வழக்குத் தொடுத்தால் அடுத்த ஆணை வராது என்பதால் பலர் கேட்பதே இல்லை.

தமிழ்நாடு 2023இல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கொண்டுவந்தது. 35 சதவிகித மூலதன மானியம், 6 சதவிகித வட்டி மானியம். வரவேற்கத்தக்கதே. ஆனால் மானியத்தில் வாங்கிய இயந்திரம் ஓட ஆணை வேண்டும். வராவிட்டால் கடன் மட்டும் மிஞ்சும். கர்நாடகம் 2017இல் தன் கொள்முதல் சட்டத்தைத் திருத்தி, 50 லட்சம் ரூபாய் வரையிலான பணிகளில் 24.1 சதவிகிதத்தைப் பட்டியலின, பழங்குடி ஒப்பந்ததாரர்களுக்கு ஒதுக்கியது. 2023இல் வரம்பை ஒரு கோடியாக்கியது. நம்மிடம் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. அதைத் திருத்தும்போது மூன்று சொற்றொடர்களில் கவனம் வேண்டும்: ஒதுக்கீடு பிறரிடம் வாங்கி நிரப்பப்படலாகாது, நிரப்பப்படாதது அடுத்த ஆண்டுக்குச் செல்ல வேண்டும், பங்குடன் கட்டுப்பாடும் சோதிக்கப்பட வேண்டும். ஒன்றிய ஆணையின் வாசகத்தை அப்படியே படியெடுத்தால், அதே ஓட்டை இங்கும் சட்டமாகும்.