கடைசி ஸ்டேஷன்னா கடைசியாத்தான் கவனிப்பீங்களா?

தோழர்களே, மேப்ல வேதாரண்யத்துக்குக் கீழே பாருங்க. அகஸ்தியம்பள்ளி. திருத்துறைப்பூண்டியிலிருந்து வரும் ரயில் பாதை இங்கே முடியுது. முன்னாடி இது கோடியக்கரை வரைக்கும் போன மீட்டர்கேஜ் பாதை. இன்னைக்கு கடைசி ஸ்டேஷன் இதுதான்.

இந்த ஊர் பேரை வரலாறு படிச்சவங்க மறக்க மாட்டாங்க. 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து தொண்டர்கள் நடந்தே கிளம்பினாங்க. சோறு போடக்கூடாது, தங்க இடம் தரக்கூடாதுன்னு தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டினார். சனங்க கேட்கல. ஏப்ரல் 30-ல் உப்புச் சட்டம் மீறப்பட்டது இந்த அகஸ்தியம்பள்ளி மண்ணுலதான்.

ரயிலுக்கும் இந்தப் பகுதிக்கும் உள்ள உறவு அதைவிடப் பழசு. மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியா முத்துப்பேட்டைக்கு 1894-லேயே ரயில் வந்துடுச்சு. அதைப் போட்டது யார் தெரியுமா? தஞ்சை ஜில்லா போர்டு. நிலம் வெச்சிருந்தவங்ககிட்ட தனியா வரி வசூலிச்சுப் போட்ட பாதை. டெல்டாக்காரன் ரயிலை யார்கிட்டயும் இனாமா வாங்கல, சொந்தக் காசைக் கொடுத்துக் கொண்டுவந்தான். இதை முதல்ல மனசுல வெச்சுக்கோங்க.

இப்போ நிகழ்காலத்துக்கு வருவோம். கிட்டத்தட்ட இருபது வருஷம் அகஸ்தியம்பள்ளிக்கு ரயிலே கிடையாது. நடுவுல சுனாமி வந்தது, 2018-ல் கஜா வேதாரண்யம் பக்கத்துலயே கரை ஏறுச்சு. உப்பளம், தென்னை, மாந்தோப்பு எல்லாம் போச்சு. அப்புறம் ஒருவழியா 37 கிலோமீட்டர் அகலப்பாதை, ரூ.294 கோடி செலவில் முடிஞ்சு, 2023 ஏப்ரல் 8-ல் சென்னையில் பிரதமர் கையால் தொடங்கி வைக்கப்பட்டது. கணக்கு போட்டா கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 கோடி. நல்ல விஷயம். வரவேற்கிறோம். பாராட்ட வேண்டியதைப் பாராட்டிட்டுத்தான் கேள்வி கேட்கணும்.

கேள்வி 1: 8 கோடிக்கு ஒரு கிலோமீட்டர் போட்ட பாதைக்கு, திருத்துறைப்பூண்டியோட நின்னு திரும்பும் டெமு வண்டி போதுமா? அதே நாள், அதே மேடையில் தாம்பரம்–செங்கோட்டை எக்ஸ்பிரஸும் தொடங்கி வைக்கப்பட்டது. அதுவும் திருத்துறைப்பூண்டி வழியாத்தான் போகுது. ரெண்டு வண்டிக்கும் நேரம் பொருந்தணும். வேதாரண்யத்துக்காரன் சென்னைக்குப் போக பஸ்ஸைத்தான் நம்பணும்னா, இந்தத் தண்டவாளம் யாருக்கு?

கேள்வி 2: திறக்கும்போது சொன்ன முக்கியமான காரணமே உப்பு ஏற்றுமதி. கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு மூடிய சரக்கு வேகன் சுமார் 60 டன் தாங்கும். 40 வேகன் கோர்த்தா 2,400 டன். 20 டன் ஏத்தற லாரின்னா 120 லாரி. ரோடும் மிச்சம், டீசலும் மிச்சம். ஆனா உப்பு ரயில் ஏறணும்னா பாதை மட்டும் போதாது. சரக்குக் கொட்டகை வேணும், மழை படாத மேடை வேணும், சின்ன உற்பத்தியாளர்கள் சேர்ந்து வேகன் பதிவு செய்ய வழி வேணும். இல்லைன்னா பெரிய கம்பெனிக்கு மட்டும்தான் பலன். பாத்தியில் வெயில் காயும் தொழிலாளிக்கு ஒண்ணும் மிஞ்சாது.

கேள்வி 3: வசதி. 2017-லிருந்து ஸ்டேஷன்களை வருமானம், பயணிகள் எண்ணிக்கை ரெண்டையும் வெச்சுத் தரம் பிரிக்கிறாங்க. வருஷத்துக்கு ஒரு கோடி ரூபாய்க்குள்ள வருமானம், பத்து லட்சத்துக்குள்ள பயணிகள்னா அது என்எஸ்ஜி-6. அதுக்குக் கீழே ஹால்ட் ஸ்டேஷன்கள். தரம் குறைஞ்சா வசதியும் குறையும். வண்டி கம்மியா விட்டா கூட்டம் வராது. கூட்டம் வரலைன்னா தரம் ஏறாது. தரம் ஏறலைன்னா நிழற்கூரைகூட நீளாது. அப்புறம் "ஆளே ஏறலையே, எதுக்கு வண்டி?"ன்னு கேட்பாங்க. கடையைப் பூட்டி வெச்சுட்டு வியாபாரம் ஆகலைன்னு சொல்ற கதை இது.

பக்கத்துலயே பாடம் இருக்கு. 2019-ல் திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதை திறந்தப்போ கேட் கீப்பர் ஆள் இல்ல. வண்டியிலேயே ஆளை ஏத்திட்டு வந்து, ஒவ்வொரு கேட்லயும் நிறுத்தி, இறங்கி மூடி, வண்டி தாண்டினதும் திறந்துட்டு மறுபடி ஏறினாங்க. 149 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல. அப்படி ஒரு வண்டியில் யார் ஏறுவா? கோடிக்கணக்கில் பாதை போட்டுட்டு, கேட்டுக்கு ஆள் போடாம விட்டா இதான் நடக்கும்.

"நஷ்டம் வருதே"ன்னு சிலர் கமெண்ட்ல வருவாங்க. அவங்களுக்கு ஒண்ணு. கிராமத்து ரோட்டுக்கு நாம லாபக் கணக்கு பார்க்கிறதில்ல. ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் போற பிள்ளைக்கும் பெரியவங்களுக்கும் சாதாரண ரயில் டிக்கெட்தான் மலிவான வழி. அதை லாப நஷ்டத்தில் மட்டும் அளக்க முடியாது.

நம்ம கோரிக்கை மூணுதான். எக்ஸ்பிரஸோட நேரம் பொருந்தும் இணைப்பு வண்டி. சின்ன உப்பு உற்பத்தியாளரும் பயன்படுத்தற சரக்கு வசதி. குடிநீர், கழிப்பறை, விளக்கு, நிழல், இந்த நாலும் தரம் பார்க்காம எல்லா ஸ்டேஷனுக்கும்.

திருச்சி கோட்ட மேலாளருக்கு மனு எழுதுங்க. தேதி, வண்டி, குறை எல்லாம் தெளிவா எழுதுங்க, திட்டாதீங்க. உங்க ஊர் ஸ்டேஷன்ல இந்த நாலுல எது இல்லைன்னு கமெண்ட்ல போட்டோவோட போடுங்க. தொகுத்து நாமளே கொண்டுபோய்க் கொடுப்போம்.

அன்னைக்கு வரி கட்டிப் பாதை போட்டவங்க பேரப்பிள்ளைங்க நாம. கேட்கிறது சலுகை இல்ல, உரிமை.

#அகஸ்தியம்பள்ளி #டெல்டாவுக்கு_ரயில்