ஓடையில் இறங்கும் பிள்ளைகள்



வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஓடைகள் தெளியும் நாட்களில், விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் கைவலையோடு நீரில் இறங்குகிறார்கள். ஈர உடையோடு வீடு திரும்பும் பிள்ளையிடம், "இதற்காகவா கட்டணம் கட்டினோம்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். இதற்காகவும்தான் என்பது என் துணிபு.

அவர்கள் அங்கே செய்வது என்ன? கற்களைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் சிற்றுயிர்களை வெள்ளைத் தட்டில் இட்டு, இனம் பிரித்து எண்ணி, மீண்டும் நீரிலேயே விடுகிறார்கள். ஒவ்வொரு பூச்சிக் குடும்பத்திற்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு. சுத்தமான நீரில் மட்டுமே வாழும் மே ஈக்களின் சில குடும்பங்கள் 10 பெறும். பிராணவாயு குன்றிய சேற்றிலும் பிழைத்திருக்கும் சிவந்த கொசுப்புழு இனத்திற்கு 2 மட்டுமே. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இம்முறையைக் கையாண்டிருக்கிறது. புட்டியில் பிடித்த நீர் அந்த வேளையின் நிலையைச் சொல்லும். பூச்சியோ கடந்த பல வாரங்களுக்குச் சாட்சி சொல்லும்.

எபிரெய வேதத்தில் 'ஜீவ தண்ணீர்' என்னும் சொல் முதலாவது ஓடுகிற நீரையே குறிக்கிறது. லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தில் குஷ்டரோகியின் சுத்திகரிப்புக்குக் கேட்கப்படுவது அந்த நீரே. யாக்கோபின் கிணற்றருகே ஆண்டவர் அச்சொல்லை உரைத்தபோது சமாரியப் பெண் மெய்யான தண்ணீரையே எண்ணினாள். அப்படி எண்ணியதற்காக அவளைக் குறைகூறுகிற பிரசங்கங்களை நான் ஏற்பதில்லை. நாமோ ஜீவ தண்ணீரைப் பாடுகிறோம். அறுப்பின் பண்டிகை முடிந்ததும் தெர்மாகோல் தட்டுகள் ஓடைக்கரையில் குவிவதைக் கண்டும் பேசாதிருக்கிறோம்.

நாம் வாழ்வது பாலாற்றின் கடைப்பகுதியில். நந்திமலையில் பிறக்கும் அந்த ஆறு, செங்கல்பட்டைக் கடந்து, மாமல்லபுரத்திற்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தின் அருகே கடலில் சேர்கிறது. மேலே எது கலந்தாலும் கீழே இருப்பவர்க்கு வரும். வேலூர்ப் பகுதியின் தோல் ஆலைக் கழிவுகளைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது, குடிமக்கள் சிலர் தங்கள் ஆற்றை உற்றுப்பார்த்து வழக்குத் தொடுத்ததனால் அல்லவா?

பெற்றோரின் அச்சத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. மணல் அள்ளிய பள்ளங்கள் உயிரைக் குடிப்பவை. ஆசிரியர் இன்றி எவரும் இறங்கலாகாது. முழங்காலளவு நீரே போதும். இவ்விரண்டையும் கேட்டு உறுதிசெய்துகொண்டு அனுமதிப் படிவத்தில் கையெழுத்திடுங்கள். மாற்றுடை ஒன்றையும் பையில் வைத்தனுப்புங்கள்.